எல்லாத் துறைக்கும் ஒரே சதவீத வெட்டு: உங்கள் திட்டத்துக்கு உண்மையில் எவ்வளவு குறைகிறது என்று கணக்கிடும் முறை

அரசுக்கு எதிர்பார்த்த வருவாய் வராத ஆண்டுகளில் நிதித்துறையிலிருந்து எல்லாத் துறைகளுக்கும் ஒரு சுற்றறிக்கை போகும். இன்னின்ன செலவுகளில் 10 சதவீதத்தைக் குறைத்துக்கொள்ள வேண்டும் என்று அதில் இருக்கும். செய்தித்தாளில் அதைப் படிப்பவர்கள் எல்லாத் துறைக்கும் சமமான இழப்பு, ஆகவே யாரும் குறைப்பட்டுக்கொள்ள இடமில்லை என்று எண்ணிவிடுகிறார்கள். சுற்றறிக்கையில் உள்ள சதவீதமும், ஒரு பள்ளிக்கோ ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ கடைசியில் குறையும் சதவீதமும் பெரும்பாலும் ஒன்றாக இருப்பதில்லை. இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை எவரும் கணக்கிட்டுக் காட்டலாம். அப்படிக் கணக்கிட்டு, உரிய காலத்தில் உரிய அலுவலகத்துக்கு எழுத்தில் கொடுப்பவர்களின் திட்டங்களுக்கே வெட்டிலிருந்து விலக்குக் கிடைக்கும் வாய்ப்பு இருக்கிறது. புதுச்சேரியில் பள்ளிப் பெற்றோர் அமைப்புகள், மீனவர் கூட்டுறவுச் சங்கங்கள், குடியிருப்போர் நலச்சங்கங்கள் ஆகியவற்றில் பொறுப்பில் இருப்பவர்களை மனத்தில் வைத்து இந்த வழிகாட்டியை எழுதுகிறேன்.

வெட்டு எந்த வகையைச் சேர்ந்தது என்று முதலில் பாருங்கள்

சட்டத்தின் வழியாகத் தானாகவே நிகழும் வெட்டு ஒரு வகை. அமெரிக்காவில் இதற்குச் சீக்வெஸ்ட்ரேஷன் என்று பெயர். 1985-ஆம் ஆண்டின் கிராம்-ரட்மன்-ஹோலிங்ஸ் சட்டம் இந்த முறையைக் கொண்டுவந்தது. 2011-ஆம் ஆண்டின் நிதிக் கட்டுப்பாட்டுச் சட்டம் அதற்கு மீண்டும் உயிர் கொடுத்தது. பற்றாக்குறையைக் குறைக்கும் திட்டத்தில் இரு கட்சிகளும் உடன்பாட்டுக்கு வரத் தவறியதால், 2013 மார்ச் 1 அன்று சுமார் 8,500 கோடி டாலர் அளவுக்கான வெட்டு நடைமுறைக்கு வந்தது. எந்தத் திட்டம் பயனுள்ளது, எது வீண் என்று யாரும் தரம் பிரிக்கவில்லை. பாதுகாப்புத் துறையின் ஆண்டு ஒதுக்கீட்டில் 7.8 சதவீதம், பிற துறைகளின் ஆண்டு ஒதுக்கீட்டில் 5 சதவீதம் என்று ஒவ்வொரு திட்டத்திலும் ஒரே அளவில் கழிக்கப்பட்டது. முதியோருக்கான சமூகப் பாதுகாப்பு ஓய்வூதியத்துக்கும் ஏழைகளுக்கான மருத்துவ உதவிக்கும் முழு விலக்கு இருந்தது. முதியோர் மருத்துவக் காப்பீட்டில் வெட்டு 2 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்ற வரம்பும் இருந்தது.

இந்தியாவிலும் இதற்கு இணையான சட்ட வாசகம் இருந்திருக்கிறது என்பது பலருக்குத் தெரியாது. 2003-ஆம் ஆண்டின் நிதிப் பொறுப்பு மற்றும் வரவு செலவு மேலாண்மைச் சட்டம் இயற்றப்பட்டபோது, அதன் 7-ஆம் பிரிவில், வருவாய் குறைந்தாலோ செலவு வரம்பு மீறினாலோ மத்திய அரசு தனக்கு அனுமதிக்கப்பட்ட தொகைகளை விகிதாசாரப்படி குறைக்க வேண்டும் என்று எழுதப்பட்டது. அரசியலமைப்பின் 112-ஆவது பிரிவின்படி தொகுப்பு நிதியின் மீது சுமத்தப்பட்ட செலவுகளுக்கும் (அவையில் வாக்கெடுப்பு இல்லாமலே கொடுக்கப்படுபவை), ஒப்பந்தத்தின்படி கொடுத்தாக வேண்டிய தொகைகளுக்கும், தள்ளிப்போட முடியாத செலவுகளுக்கும் அதே இடத்தில் விலக்கும் தரப்பட்டது. ஆனாலும் நம் நாட்டில் வெட்டு என்பது பெரும்பாலும் நிதித்துறையின் நிர்வாக ஆணையாகவே வருகிறது; இது இரண்டாவது வகை. மத்திய நிதி அமைச்சகம் 2012, 2013, 2014 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் திட்டமல்லாச் செலவில் (ஐந்தாண்டுத் திட்டங்களில் சேராத செலவுக்கு அப்போது இருந்த பெயர்) கட்டாயமாக 10 சதவீதம் குறைக்கச் சொன்னது. கொரோனா பரவிய 2020-இல், ஏப்ரல் 8-ஆம் தேதி ஆணையின்படி அமைச்சகங்களை மூன்றாகப் பிரித்து, முதல் பிரிவுக்குத் தடையில்லாமலும், இரண்டாவதற்கு முதல் காலாண்டில் ஆண்டு ஒதுக்கீட்டின் 20 சதவீதம் மட்டும், மூன்றாவதற்கு 15 சதவீதம் மட்டும் என்றும் கட்டுப்படுத்தியது. சுகாதாரமும் வேளாண்மையும் ஊரக வளர்ச்சியும் முதல் பிரிவில் இருந்தன.

ஆணை எதுவும் இல்லாமல், பணத்தை விடுவிக்காமல் வைத்திருப்பதன் மூலம் நடக்கும் வெட்டு மூன்றாவது வகை. அதைப் பின்னால் தனியாகப் பார்ப்போம்.

இந்த வகைப் பிரிவினை எதற்கு என்றால், பரிகாரம் வகைக்கு வகை மாறுகிறது. சட்டத்தால் வரும் வெட்டை மாற்றச் சட்டமன்றமோ நாடாளுமன்றமோ வேண்டும். நிர்வாக ஆணையால் வரும் வெட்டுக்கு நிதித்துறையே விலக்கு அளிக்கலாம். விடுவிக்காமல் நிற்கும் பணத்துக்கு, பட்டியல் (பில்) எந்த மேசையில் நிற்கிறது என்று கண்டுபிடித்தாலே பாதி வேலை முடிந்துவிடும்.

சதவீதம் எந்தத் தொகையின் மீது?

ஆணை கைக்குக் கிடைத்ததும் சதவீத எண்ணைப் பார்க்கும் முன்பு, அது எந்தத் தொகையின் மீது கணக்கிடப்படுகிறது என்ற வாசகத்தைத் தேடுங்கள். 2014 அக்டோபர் ஆணையில், வட்டி, கடன் திருப்பிச் செலுத்துதல், பாதுகாப்புத் துறையின் மூலதனச் செலவு, சம்பளம், ஓய்வூதியம், மாநிலங்களுக்கான நிதிக்குழு மானியம் ஆகியவற்றை நீக்கிவிட்டு மீதியில் 10 சதவீதம் என்று தெளிவாக எழுதப்பட்டிருந்தது. எல்லா ஆணைகளும் இவ்வளவு தெளிவாக இருப்பதில்லை. துறையின் மொத்த ஒதுக்கீட்டில் இத்தனை சதவீதத்தைச் சேமித்துக் காட்டு என்று சொல்லும் ஆணையும், விலக்குப் போக எஞ்சியதில் இத்தனை சதவீதம் என்று சொல்லும் ஆணையும் முற்றிலும் வேறானவை.

ஒரு கற்பனை எடுத்துக்காட்டில் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். ஒரு துறைக்கு ஆண்டுக்கு 100 கோடி ரூபாய் ஒதுக்கீடு. அதில் சம்பளத்துக்கும் ஓய்வூதியத்துக்கும் 62 கோடி போகிறது. ஒப்பந்தம் போட்டு வேலை தொடங்கிவிட்ட பணிகளுக்கு 13 கோடி. மருந்து, ஆய்வகப் பொருள்கள், பராமரிப்பு, உதவித்தொகை போன்ற மற்ற எல்லாவற்றுக்கும் சேர்த்து 25 கோடி. விலக்குப் போக எஞ்சியதில் 10 சதவீதம் என்றால் வெட்டு இரண்டரைக் கோடி. அது அந்த 25 கோடியில் 10 சதவீதம்தான். மொத்தத்தில் 10 சதவீதம் என்றால் வெட்டு 10 கோடி. சம்பளத்தைக் குறைக்க முடியாது, ஒப்பந்தத்தை மீற முடியாது, ஆகவே அந்த 10 கோடியும் 25 கோடியிலிருந்தே போக வேண்டும். மருந்துக்கும் ஆய்வகத்துக்கும் உதவித்தொகைக்கும் வெட்டு 40 சதவீதமாகிவிடுகிறது.

இதோடு காலத்தையும் சேர்த்துப் பாருங்கள். ஏப்ரலில் தொடங்கிய நிதியாண்டில் ஆணை நவம்பரில் வருகிறது என்றும், அதற்குள் அந்த 25 கோடியில் 15 கோடி செலவாகிவிட்டது என்றும் வைத்துக்கொள்வோம். மீதி 10 கோடி. எஞ்சியதில் 10 சதவீதம் என்னும் ஆணையில் குறையும் இரண்டரைக் கோடி, மீதமுள்ள தொகையில் 25 சதவீதம். மொத்தத்தில் 10 சதவீதம் என்னும் ஆணையில் குறையும் 10 கோடி, மீதமுள்ள தொகை முழுவதும். மார்ச் வரையிலான ஐந்து மாதத்துக்கு ஒரு ரூபாய்கூட இல்லை. ஆகவே நீங்கள் போட வேண்டிய கணக்கு இதுதான்: குறைக்கப்படும் தொகையை, ஆணை வந்த நாளில் செலவாகாமல் மீதியிருந்த விலக்கில்லாத தொகையால் வகுத்து, நூறால் பெருக்குங்கள். கிடைக்கும் எண்ணே உங்கள் திட்டத்தின் மீதான உண்மையான வெட்டு.

அமெரிக்காவில் 2013-இல் நடந்ததும் இதுவே. அங்கே நிதியாண்டு அக்டோபர் 1 அன்று தொடங்குகிறது. வெட்டு வந்தது மார்ச் 1 அன்று. பன்னிரண்டு மாதத்தில் குறைக்க வேண்டியதை ஏழு மாதத்தில் குறைக்க நேர்ந்ததால், 5 சதவீதம் என்று எழுதப்பட்ட வெட்டு நடைமுறையில் ஏறக்குறைய 9 சதவீதமாகவும், பாதுகாப்புத் துறையின் வெட்டு ஏறக்குறைய 13 சதவீதமாகவும் இருக்கும் என்று அந்நாட்டு வெள்ளை மாளிகையின் வரவு செலவு அலுவலகமே நாடாளுமன்றத்துக்குத் தெரிவித்தது.

வரவு செலவுப் புத்தகத்தில் உங்கள் திட்டத்தின் தொகையைக் கண்டுபிடித்தல்

முதலமைச்சரின் வரவு செலவு உரையில் பெரிய தொகைகள் மட்டுமே இருக்கும். 2025-26-க்கான புதுச்சேரி வரவு செலவுத் திட்டம் 13,600 கோடி ரூபாய் என்பது உரையில் கிடைக்கும். உங்கள் கொம்யூனில் உள்ள சுகாதார நிலையத்தின் மருந்துச் செலவு கிடைக்காது. அதற்கு மானியக் கோரிக்கைகள், அதாவது துறைவாரியாகச் செலவுக்குச் சட்டமன்றத்தின் ஒப்புதலை அரசு கேட்கும் தொகைகள், அடங்கிய விரிவான தொகுதியைத் திறக்க வேண்டும்.

அதில் ஒவ்வொரு செலவுக்கும் ஒரு கணக்குத் தலைப்பு எண் உண்டு. நான்கு இலக்கப் பெருந்தலைப்புகள் நாடு முழுவதற்கும் பொதுவானவை: 2202 பொதுக் கல்வி, 2210 மருத்துவம் மற்றும் பொதுச் சுகாதாரம், 2235 சமூகப் பாதுகாப்பு மற்றும் நலன், 2405 மீன்வளம், 3054 சாலைகளும் பாலங்களும். 2, 3 என்று தொடங்குபவை வருவாய்ச் செலவு. 4, 5 என்று தொடங்குபவை மூலதனச் செலவு. 6, 7 என்று தொடங்குபவை கடன்கள். பெருந்தலைப்பின் கீழே திட்டத்தின் பெயரும், அதற்கும் கீழே சம்பளம், பயணச் செலவு, அலுவலகச் செலவு, பொருள்கள், சிறு பணிகள், உதவி மானியம், உதவித்தொகை என்று செலவின் வகையும் பிரிந்து கிடக்கும். வெட்டு விழுவது இந்தக் கடைசிப் படியில். ஆகவே திட்டத்தின் மொத்தத்தைப் பார்த்து நின்றுவிடாதீர்கள். ஒரு திட்டத்தின் மொத்தம் கடந்த ஆண்டைவிடக் கூடியிருக்கும், அகவிலைப்படி உயர்ந்ததால் சம்பளம் கூடியதே அதற்குக் காரணமாக இருக்கும், பொருள்களுக்கான தொகை மட்டும் சத்தமில்லாமல் பாதியாகியிருக்கும்.

ஒவ்வொரு வரிக்கும் எதிரே நான்கு தொகைகள் இருக்கும்: முடிந்த ஆண்டின் உண்மைச் செலவு, நடப்பாண்டின் மதிப்பீடு, நடப்பாண்டின் திருத்திய மதிப்பீடு, வரும் ஆண்டின் மதிப்பீடு. நடப்பாண்டின் மதிப்பீட்டுக்கும் திருத்திய மதிப்பீட்டுக்கும் உள்ள வித்தியாசமே நடுவில் நடந்த வெட்டு. தொகைகள் ஆயிரத்தில் இருக்கின்றனவா, இலட்சத்தில் இருக்கின்றனவா என்பதைப் பக்கத்தின் தலைப்பில் பார்த்துக்கொள்ளுங்கள். மனுவில் இது தவறிப்போனால் மற்ற கணக்கையும் யாரும் படிக்க மாட்டார்கள். ஒரு வரியில் மிகச் சிறிய அடையாளத் தொகை மட்டும் இருந்தால், அந்தத் தலைப்பை உயிரோடு வைத்திருக்கவே அது போடப்பட்டிருக்கிறது, திட்டத்துக்குப் பணம் இன்னும் ஒதுக்கப்படவில்லை என்று பொருள்.

உண்மைச் செலவின் வரிசையை மூன்றாண்டுகளுக்காவது எடுத்துப் பாருங்கள். ஆண்டுதோறும் ஒதுக்கியதில் 70 சதவீதம் மட்டுமே செலவழிக்கும் ஒரு திட்டத்தில் 10 சதவீத வெட்டு எதையும் தொடப்போவதில்லை. அங்கே வெட்டை எதிர்த்து மனு கொடுப்பது உங்கள் சங்கத்தின் சொல்லுக்கு உள்ள மதிப்பைக் குறைக்கும். ஏன் 30 சதவீதம் செலவாகாமல் நிற்கிறது என்பதே அங்கே கேட்க வேண்டிய கேள்வி.

புதுச்சேரிக்கென்று உள்ள சில நிலைமைகள்

புதுச்சேரியின் வரவு செலவுத் திட்டம், 1963-ஆம் ஆண்டின் ஒன்றிய ஆட்சிப்பகுதிகள் அரசுச் சட்டத்தின் 27-ஆம் பிரிவின்படி, குடியரசுத் தலைவரின் முன் ஒப்புதல் பெற்ற பிறகே சட்டமன்றத்தில் வைக்கப்படுகிறது. நடைமுறையில் கோப்பு மத்திய உள்துறை அமைச்சகத்துக்குப் போய்வர வேண்டும். நிதிக்குழுவின் வரம்பில் மாநிலங்கள் மட்டுமே இருப்பதால், தமிழ்நாட்டுக்குக் கிடைப்பதுபோல மத்திய வரியில் பங்கு கேட்கும் உரிமை புதுச்சேரிக்கு இல்லை. மத்திய அரசு ஆண்டுதோறும் தீர்மானிக்கும் மானியம்தான் உண்டு. 2007 டிசம்பரில் புதுச்சேரிக்குத் தனிப் பொதுக்கணக்கு தொடங்கப்பட்ட பிறகு, பற்றாக்குறையைக் கடன் வாங்கி ஈடுகட்டும் பொறுப்பும், அதற்கான வட்டியும் இந்த அரசின் தலையில் விழுந்தன. வட்டி என்பது எந்த வெட்டிலும் தொடமுடியாத செலவு. அது கூடக் கூட, வெட்டுக்கு உட்படும் பகுதி சுருங்குகிறது. சுருங்கிய பகுதியின் மீதே ஒவ்வொரு சிக்கன ஆணையும் மீண்டும் மீண்டும் விழுகிறது.

முழு வரவு செலவுத் திட்டம் எப்போது நிறைவேறுகிறது என்பதும் முக்கியம். 2023 மார்ச்சுக்கு முன் பல ஆண்டுகள், மார்ச்சில் சில மாதச் செலவுக்கு மட்டும் இடைக்கால ஒப்புதல் பெற்றுவிட்டு, முழுத் திட்டத்தை ஜூலை, ஆகஸ்ட் என்று தாமதமாகத் தாக்கல் செய்வது இங்கே வழக்கமாக இருந்தது. 2024-இலும் முழுத் திட்டம் ஆகஸ்டில்தான் வந்தது. இடைக்கால மாதங்களில் புதிய திட்டங்களைத் தொடங்க இயலாது. முழு ஒப்புதல் வந்து, ஒப்பந்தப்புள்ளி கோரி, வேலை தொடங்கும்போது நிதியாண்டில் பாதி போயிருக்கும். அந்த நேரத்தில் சிக்கன ஆணையும் வந்தால், தொடங்காத வேலைகள்தான் முதலில் நிறுத்தப்படும். அப்படிப்பட்ட ஆண்டுகளில் உங்கள் கோரிக்கை பணி ஆணை வழங்கப்பட்ட நிலையை எட்டியிருப்பதே அதற்குக் கிடைக்கக்கூடிய பெரிய பாதுகாப்பு.

எங்கள் கரைக்கே உரிய இன்னொன்றையும் சொல்ல வேண்டும். தானே புயல் 2011 டிசம்பர் 30 அன்று கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையேறியது. ஃபெஞ்சல் 2024 நவம்பர் 30 அன்று புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்தது. துறைகள் திருத்திய மதிப்பீட்டைத் தயாரிக்கும் பருவமும் வடகிழக்குப் பருவமழையும் ஒரே காலத்தில் வருகின்றன. நிவாரணத்துக்குப் பணம் உடனே வேண்டும், அது நியாயமானதும்கூட. ஆனால் அந்தப் பணம் எந்தத் தலைப்பிலிருந்து மறு ஒதுக்கீடு செய்யப்பட்டது என்பதை ஜனவரியில் கேட்பவர் இங்கே மிகக் குறைவு. நிவாரணம் வாங்கிய அதே குடும்பத்தின் பிள்ளைக்கு வர வேண்டிய உதவித்தொகை அதனால் தாமதமாகியிருந்தால், அதைச் சுட்டிக்காட்டுவது நன்றி கெட்ட செயல் ஆகாது.

மத்திய அரசின் பங்கும் சேர்ந்த திட்டங்களில், புதுச்சேரி தன் பங்கை ஒதுக்கத் தவறினால் மத்தியப் பங்கும் நின்றுவிடும் அபாயம் உண்டு. மனுவில் எடுத்துவைக்க இதைவிட வலுவான வாதம் குறைவு. வெட்டினால் அரசுக்கு மிச்சமாகும் தொகையைவிட, அதனால் கைநழுவும் தொகை பெரிது என்று காட்ட முடிந்தால், நிதித்துறையே உங்கள் பக்கம் வந்து நிற்கும்.

ஜிப்மர் மருத்துவமனையின் நிதி மத்திய சுகாதார அமைச்சகத்திலிருந்தும், புதுவைப் பல்கலைக்கழகத்தின் நிதி மத்தியக் கல்வித் துறை வழியாகவும் வருகின்றன. புதுச்சேரி நிதித்துறையின் ஆணை இவற்றைத் தொடாது. கடலூரிலிருந்தும் விழுப்புரத்திலிருந்தும் சிகிச்சைக்கு வருபவர்கள் அங்கே காணும் குறைகளுக்கு இங்குள்ள தலைமைச் செயலகத்தில் மனு கொடுத்துக் காத்திருப்பது வீண் அலைச்சல்.

ஆணை இல்லாமல் நடக்கும் வெட்டு

ஒதுக்கீடு புத்தகத்தில் முழுமையாக இருக்கும், எந்தச் சுற்றறிக்கையும் வந்திருக்காது, ஆனாலும் பணம் வராது. அரசு உதவி பெறும் நிறுவனங்களுக்கு உதவி மானியத் தவணை தள்ளிப்போவது, ஒப்பந்ததாரரின் பட்டியல் கருவூலத்தில் நிற்பது, ஓய்வு பெற்றவரின் இடம் நிரப்பப்படாமலே போவது, மருந்து வாங்கும் கோப்பு நிதித்துறையின் இசைவுக்குப் போய்த் திரும்பாமல் இருப்பது ஆகியவை இதன் அடையாளங்கள். ஆண்டு முடிவில் செலவாகாத தொகையைத் துறை திரும்ப ஒப்படைத்துவிடும். ஏட்டில் அது சேமிப்பு என்று பதிவாகும். அடுத்த ஆண்டு ஒதுக்கீடு பேசும்போது, போன ஆண்டே செலவழிக்கவில்லையே என்று அதே எண் உங்களுக்கு எதிராகத் திருப்பப்படும். இதை நான் மிகவும் அநியாயமானதாகக் கருதுகிறேன். ஏனென்றால் பணத்தைத் தடுத்தவரின் செயல், பணம் கிடைக்காதவரின் தவறாகப் பதிவாகிறது.

ஆகவே நவம்பர் மாதத்திலேயே, உங்கள் தலைப்பில் அதுவரை விடுவிக்கப்பட்ட தொகையையும் செலவான தொகையையும் கேட்டுப் பெறுங்கள். மத்திய அரசின் நடைமுறையில், கடைசிக் காலாண்டில் 33 சதவீதத்துக்கு மேலும் மார்ச் மாதத்தில் 15 சதவீதத்துக்கு மேலும் செலவிடக் கூடாது என்ற வரம்பு வெகுகாலமாக இருந்துவருகிறது. டிசம்பர் வரை பாதிகூடச் செலவாகாத ஒரு தலைப்பு, அப்படிப்பட்ட வரம்பு உள்ள இடத்தில் முழுமையாகச் செலவாவதற்கு வழியே இல்லை.

தகவலைக் கேட்டுப் பெறுவது

தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005-இன் 4-ஆம் பிரிவு, ஒவ்வொரு அலுவலகமும் தன் ஒதுக்கீட்டையும் செலவுத் திட்டத்தையும் வழங்கிய தொகைகளின் அறிக்கையையும் யாரும் கேட்காமலே வெளியிட வேண்டும் என்கிறது. வெளியிடப்படவில்லை என்றால் 6-ஆம் பிரிவின்படி விண்ணப்பியுங்கள். ஏன் குறைத்தீர்கள் என்று கேட்காதீர்கள். அலுவலகத்தில் ஆவணமாக இருப்பதைத்தான் இந்தச் சட்டத்தின் கீழ் பெற முடியும், விளக்கம் கேட்டால் மறுப்பதற்கு எளிதாகிவிடும். தலைப்பு எண்ணைக் குறிப்பிட்டு, நடப்பாண்டின் ஒதுக்கீடு, குறிப்பிட்ட தேதி வரை விடுவித்த தொகை, செலவான தொகை, மறு ஒதுக்கீட்டு ஆணைகளின் நகல், சிக்கன ஆணையின் நகல், அதிலிருந்து விலக்குக் கோரித் துறை எழுதிய கடிதத்தின் நகல் என்று கேளுங்கள். கடைசியாகச் சொன்னது மிக முக்கியம். துறை விலக்கே கேட்கவில்லை என்று தெரிந்தால், உங்கள் மனு நிதித்துறைக்குப் போக வேண்டியதில்லை. துறைச் செயலரிடமே தொடங்கலாம்.

30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. அதன் பிறகு 90 நாளுக்குள் இரண்டாம் மேல்முறையீடு. புதுச்சேரி அலுவலகங்களைப் பொறுத்தவரை அது டெல்லியில் உள்ள மத்தியத் தகவல் ஆணையத்துக்குப் போகும். வறுமைக்கோட்டுக்குக் கீழ் உள்ளவர் விண்ணப்பித்தால் கட்டணம் இல்லை. கடலூர் மாவட்டத்தில் உள்ளவர்களுக்கு இரண்டாம் மேல்முறையீடு சென்னையில் உள்ள மாநிலத் தகவல் ஆணையத்துக்கு. அவர்கள் விண்ணப்பத்துக்கு முன் தமிழ்நாட்டுத் துறைகளின் கொள்கை விளக்கக் குறிப்புகளைப் படித்துவிட்டால், கேட்க நினைத்ததில் பாதி அவற்றிலேயே கிடைத்துவிடும்.

மனுவின் காலமும் வாசகமும்

திருத்திய மதிப்பீட்டுக்கான முன்மொழிவுகளைத் துறைகள் அனுப்புவது ஏறக்குறைய செப்டம்பர் முதல் நவம்பர் வரை. உங்கள் மனு அதற்கு முன்பே துறைச் செயலரின் மேசையில் இருக்க வேண்டும். பிப்ரவரியில் கொடுக்கும் மனுவை யாரும் அவமதிக்க மாட்டார்கள், ஆனால் அப்போது எண்கள் அச்சுக்குப் போயிருக்கும்.

மனுவில் வேதனையை விரிவாக எழுதுவதைவிட எண்ணைத் தெளிவாக எழுதுவது பயன் தரும். இப்படி ஒரு பத்தி போதும்: "2202 பொதுக் கல்வி என்னும் தலைப்பின் கீழ், அரசு உயர்நிலைப் பள்ளிகளின் ஆய்வகப் பொருள்களுக்கு நடப்பாண்டில் இத்தனை ரூபாய் ஒதுக்கப்பட்டுள்ளது. இன்ன தேதி வரை இத்தனை ரூபாய் செலவாகியுள்ளது. நிதித்துறையின் இன்ன நாளிட்ட ஆணையின்படி இத்தனை ரூபாய் குறைக்கப்படுவதாக அறிகிறோம். ஆணையில் கூறப்பட்டுள்ள சதவீதம் இவ்வளவு எனினும், செலவாகாமல் எஞ்சியுள்ள தொகையில் இக்குறைப்பு இத்தனை சதவீதமாகிறது. பிப்ரவரியில் செய்முறைத் தேர்வு நடைபெற வேண்டியிருப்பதால் இச்செலவைத் தள்ளிவைக்க இயலாது. எனவே இத்தலைப்புக்கு விலக்கு அளிக்குமாறும், இயலாதெனில் இதே மானியக் கோரிக்கையில் செலவாகாமல் நிற்கும் இன்ன தலைப்பிலிருந்து மறு ஒதுக்கீடு செய்யுமாறும் கேட்டுக்கொள்கிறோம்."

இந்த வாசகத்தின் பலம் அதன் கடைசி வரியில் இருக்கிறது. பணம் எங்கிருந்து வரும் என்று நீங்களே காட்டிவிடுகிறீர்கள். ஆனால் ஆணையை ஒருமுறை படித்துவிட்டு அதை எழுதுங்கள்; வெட்டு விழுந்த தலைப்புகளுக்கு மறு ஒதுக்கீட்டின் மூலம் பணம் சேர்ப்பதைச் சிக்கன ஆணைகள் தடை செய்வதுண்டு. தடை இருந்தால் விலக்கை மட்டும் கேளுங்கள். துறைச் செயலருக்கு அனுப்பி, நகலை நிதிச் செயலருக்கும் தொகுதியின் சட்டமன்ற உறுப்பினருக்கும் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கான கையொப்பமும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள்.

குரல் உயர்த்துபவருக்கே விலக்கு என்பதற்கு 2013-இன் அமெரிக்க அனுபவமே சான்று. ஏப்ரல் 21 முதல் விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர்களுக்குச் சம்பளமில்லாக் கட்டாய விடுப்பு தொடங்கியது, விமானங்கள் தாமதமாயின, ஒரு வாரத்துக்குள் நாடாளுமன்றம் தனிச் சட்டம் இயற்றி, 25 கோடியே 30 இலட்சம் டாலர் வரை வேறு தலைப்பிலிருந்து மாற்றிக்கொள்ள அனுமதித்தது. அதே வெட்டினால் ஏழைக் குழந்தைகளின் முன்பருவக் கல்வித் திட்டத்தில் சுமார் 57,000 இடங்கள் போயின. அவர்களுக்காக அந்த வாரத்தில் எந்தச் சட்டமும் வரவில்லை. விமான நிலையத்தில் காத்திருப்பவரின் கோபம் உடனே கேட்கும். மூன்று வயதுக் குழந்தைக்காக யாராவது கணக்கெழுதிக் கொடுக்க வேண்டும்.

சட்டமன்ற உறுப்பினரிடம் எதைக் கேட்கலாம்

மானியக் கோரிக்கையைச் சட்டமன்றம் ஏற்கலாம், மறுக்கலாம், குறைக்கலாம், கூட்ட முடியாது. ஒதுக்கீட்டை உயர்த்தித் தீர்மானம் கொண்டுவாருங்கள் என்று உறுப்பினரிடம் கேட்பதில் பயனில்லை. உயர்த்துவது அரசு கொண்டுவரும் துணை மானியக் கோரிக்கையால்தான் நடக்கும். உறுப்பினர் செய்யக்கூடியவை வேறு. கேள்வி நேரத்தில் உங்கள் தலைப்பு எண்ணைக் குறிப்பிட்டு எழுத்துமூலப் பதில் கேட்கலாம். நாடாளுமன்ற மரபில், ஒரு குறையை விவாதத்துக்குக் கொண்டுவர, கோரிக்கையில் 100 ரூபாயைக் குறைக்கச் சொல்லி அடையாள வெட்டுத் தீர்மானம் கொடுப்பதுண்டு. அதுபோல மானிய விவாதத்தில் உங்கள் குறையை அவைக் குறிப்பில் பதியச் செய்யலாம். மானியக் கோரிக்கைத் தொகுதி உறுப்பினரிடம் இருக்கும் என்பதால், அதிலிருந்து உங்களுக்கு வேண்டிய பக்கங்களை நகலெடுத்துக்கொள்ளவும் கேளுங்கள்.

நிதியாண்டு முடிந்த பிறகு, இந்தியக் கணக்குத் தணிக்கைத் தலைவரின் ஒதுக்கீட்டுக் கணக்கு அறிக்கை சட்டமன்றத்தில் வைக்கப்படும். முதலில் ஒதுக்கியது, துணை மானியத்தில் சேர்த்தது, செலவானது, ஒப்படைத்தது ஆகிய எல்லாம் ஒவ்வொரு மானியத்துக்கும் அதில் இருக்கும். உங்கள் மனுவின் நகலை அந்த அறிக்கை வரும் வரை பத்திரப்படுத்துங்கள். நீங்கள் மறு ஒதுக்கீட்டுக்குச் சுட்டிக்காட்டிய தலைப்பில் பணம் செலவாகாமல் மார்ச்சில் ஒப்படைக்கப்பட்டிருந்தால், அந்தப் பக்கத்தை இணைத்து அடுத்த செப்டம்பர் மனுவைத் தொடங்குங்கள்.